தாராவித் தோற்பையும் டாலர் விலையும்

மும்பை மாநகரில் சயான் ரயில் நிலையத்துக்கு மேற்கே, பாந்திராவை நோக்கிச் செல்லும் இணைப்புச் சாலையில் நடந்து போனால், சாலையோரத்தில் வரிசையாகத் தோற்பொருட் கடைகளைக் காணலாம். பைகள், இடைவார்கள், பணப்பைகள், மேலங்கிகள் என்று பலவும் அங்கே தொங்குகின்றன. கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் அவற்றைத் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. அதுதான் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். 1970களில் இறைச்சிக் கூடம் பாந்திராவிலிருந்து தேவனாருக்குப் போயிற்று. பதனிடும் தொழிலும் நாளடைவில் இவ்விடத்தை விட்டு அகன்றது. இன்று பதனிட்ட தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் வருகிறது. தைக்கும் கைகள் மட்டும் தாராவியில் இருக்கின்றன. அந்தக் கைகள் செய்யும் பொருள்களில் ஒரு பகுதி கடல் கடந்து செல்கிறது.

கடல் கடந்து செல்லும் பொருளுக்கு ரூபாயில் விலை பேசுவார் குறைவு. பெரும்பாலும் டாலரில்தான் விலை. சில வேளைகளில் யூரோவிலும் பவுனிலும் உண்டு. ஆனால் தையற்காரருக்குக் கூலி ரூபாயில். தோலுக்கு விலை ரூபாயில். பட்டறைக்கு வாடகையும் ரூபாயில். செலவு ஒரு நாணயத்தில், வரவு மற்றொரு நாணயத்தில். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள விலை நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்தால் வரும் கேட்டினின்றும் வாணிபத்தைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் தந்தையரும் பாட்டன்மாரும் இந்தக் கவலையை இவ்வளவு அறிந்தவர்கள் அல்லர். 1949ஆம் ஆண்டு முதல் 1966 வரையில் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்ற நிலையான விலை இருந்தது. அரசாங்கம் குறித்த விலை அது. வணிகர் அதனைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதில்லை. ஆயினும் நிலையான விலையும் ஒரு நாள் அசையத்தான் செய்தது. 1966 ஜூன் 6ஆம் நாள் டாலரின் விலை 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. அதற்கு முந்தைய நாள் டாலரில் கடன்பட்டிருந்தவர், மறுநாள் அதே கடனைத் தீர்க்க நூற்றுக்கு ஐம்பத்தேழு பங்கு கூடுதலாக ரூபாய் தேட வேண்டியவர் ஆனார். பின்னர் 1971இல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை நீக்கிற்று. உலகத்து நாணயங்கள் பலவும் ஒன்றுக்கொன்று ஏறவும் இறங்கவும் தொடங்கின. நம் நாட்டில் 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. 1993 மார்ச்சு முதல், ரூபாயின் விலையைச் சந்தையே முடிவு செய்யும் முறை வந்தது. அன்று முதல் தாராவிப் பட்டறைக்காரரும் நாணயச் சந்தையில் ஒருவர் ஆகிவிட்டார். அவர் அதனை விரும்பினாரா என்று யாரும் கேட்கவில்லை.

இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம். இனி வரும் எண்களில் சில கணக்குக்காக நாமே எடுத்துக்கொண்டவை. தாராவியில் ஒரு பட்டறைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெல்லை மக்கள் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். அமெரிக்காவிலுள்ள ஒருவர் அவரிடம் 1,00,000 டாலருக்குத் தோற்பைகள் கேட்டிருக்கிறார். சரக்கு போய்ச் சேர்ந்து பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகும். இன்று டாலர் 85 ரூபாய். தோல், கூலி, வாடகை, கப்பற்செலவு எல்லாம் சேர்த்து 80 லட்சம் ரூபாய் ஆகும். 85 லட்சம் வரவு, 80 லட்சம் செலவு. ஐந்து லட்சம் லாபம் என்று அண்ணாச்சி கணக்கிடுகிறார்.

மூன்று மாதம் கழித்து டாலர் 88 ரூபாய் ஆகியிருந்தால் லாபம் எட்டு லட்சம். டாலர் 81 ஆகியிருந்தால் லாபம் ஒரு லட்சமே. 79 ஆகியிருந்தாலோ, அவர் ஒரு லட்சம் ரூபாயைக் கைப்பணத்திலிருந்து கொடுத்து, அமெரிக்காக்காரருக்குப் பை தைத்துக் கொடுத்தவர் ஆகிறார். பையின் தையலில் குறை இல்லை. தோலில் குறை இல்லை. காலத்தில் கொண்டு சேர்த்ததிலும் குறை இல்லை. ஆயினும் நட்டம். அவர் செய்யாத பிழைக்கு அவர் வீட்டு அடுப்பு ஈடு கட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது அண்ணாச்சி மாட்டுங்காவுக்குப் போகிறார். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் அவருக்குப் பழக்கம். மாட்டுங்கா, நாம் அறிந்தவாறு, எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் இடம்.

“சார், டாலர் ஏறுமா, இறங்குமா?” என்று அண்ணாச்சி கேட்கிறார்.

“அது தெரிந்திருந்தால் நான் ஏன் ஐம்பது வருஷம் சம்பளத்துக்கு வேலை செய்திருக்கப் போகிறேன், அண்ணாச்சி? ஏறுமா இறங்குமா என்று கேட்காதீர்கள். இரண்டில் எது நேர்ந்தாலும் பட்டறை நடக்குமா என்று கேளுங்கள்” என்கிறார் அவர்.

இந்த விடையில் நம் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. காப்புச் செய்தல் என்பது எதிர்காலத்தைக் கணிப்பது அன்று. கணிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குத் தக நம்மை ஒழுங்குபடுத்திக்கொள்வதே அது. இதற்குப் பயன்படும் கருவிகளை டெரிவேட்டிவ் என்று வழங்குகின்றனர். தமிழில் சார்பு ஒப்பந்தம் எனலாம். அந்த ஒப்பந்தத்துக்குத் தனக்கென்று ஒரு மதிப்புக் கிடையாது. டாலரின் விலை, வட்டியின் வீதம் போன்ற வேறொன்றைச் சார்ந்தே அதன் மதிப்பு ஏறும், இறங்கும். ஆதலால் அப்பெயர்.

இவற்றுள் எளியது முன்பேர ஒப்பந்தம். மூன்று மாதம் கழித்து வரப்போகும் 1,00,000 டாலரை, இன்றே விலை பேசி, அன்று வாங்கிக்கொள்வதாக வங்கி உடன்படுகிறது. என்ன விலை? வங்கி மேலாளரின் மனம்போல் அமைவது அன்று அது. ரூபாய்க்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு, டாலருக்கு 4 விழுக்காடு என்று கொள்வோம். மூன்று மாதத்தில் 85 ரூபாய் 86 ரூபாய் 49 காசு ஆகும். ஒரு டாலர் ஒரு டாலர் ஒரு சென்டு ஆகும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 85 ரூபாய் 63 காசு வருகிறது. அதுவே முன்பேர விலை. டாலர் ஏறும் என்று வங்கி ஆரூடம் சொல்வதாக இதற்குப் பொருளில்லை. இரு நாட்டு வட்டிக்கும் உள்ள வேறுபாடே இங்ஙனம் விலையாக வெளிப்படுகிறது. இந்நாட்டில் வட்டி அயல்நாட்டைவிடக் கூடுதலாக உள்ளவரை, முன்கூட்டி டாலரை விற்கும் ஏற்றுமதியாளருக்குச் சிறிது கூடுதலாகவே கிடைக்கும். முன்கூட்டி வாங்கும் இறக்குமதியாளர் சிறிது கூடுதலாகவே கொடுப்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் அண்ணாச்சியின் வரவு 85 லட்சத்து 63 ஆயிரம் ரூபாய். டாலர் 79க்கு இறங்கினாலும் அதுதான். 90க்கு ஏறினாலும் அதுதான். 90க்கு ஏறும்போது அவர் மனம் சிறிது வருந்தும். அண்டைக் கடைக்காரர் ஒப்பந்தம் செய்யாமலிருந்து நாலு லட்சம் கூடுதலாக ஈட்டிவிட்டாரே என்று தோன்றும். அப்போது அவர் நினைத்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்குத் தீக்காப்பீடு செய்தவர், ஆண்டு இறுதியில் வீடு எரியவில்லையே என்று வருந்துவதில்லை.

இனிச் செம்பூருக்குப் போவோம். அதற்கப்பால் மாகுலில் 1950களின் நடுவில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. அருகே 1960களில் தொடங்கிய உரத் தொழிற்சாலை இருக்கிறது. ஆலைக் குழாய்களில் ஓடும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில் வருவது. அதற்கு டாலர் தேடிக் கொடுக்க வேண்டும். அண்ணாச்சிக்கு டாலர் இறங்கினால் கேடு; இவர்களுக்கு டாலர் ஏறினால் கேடு. 2013ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறத்தாழ 54 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆகஸ்டு 28ஆம் நாள் அது 68 ரூபாயைத் தாண்டிற்று. நான்கு மாதத்துக்குள் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் பதினான்கு லட்சம் ரூபாய் கூடுதல். பெரிய ஆலை தாங்கிக்கொள்ளலாம். செம்பூரில் இரசாயனப் பொருள் தருவித்து விற்கும் சிறு வணிகர் தாங்குவாரா? அதன் பின் 2014இல், காப்பில்லாத அயல்நாணயக் கடன் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் வங்கிகள் அதற்கெனக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது.

தாராவியில் டாலரை விற்க ஒருவர் இருக்கிறார். செம்பூரில் வாங்க ஒருவர் இருக்கிறார். ஒருவர் அஞ்சுவதை மற்றவர் விரும்புகிறார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். நடுவில் நிற்கும் வங்கி, ஒருவரிடம் வாங்க உடன்பட்டதை மற்றவருக்கு விற்க உடன்படுகிறது. இடையில் சில காசுகளைத் தன் கூலியாக எடுத்துக்கொள்கிறது. ஈடாகாமல் எஞ்சியதை வங்கிகள் தமக்குள் வாங்கி விற்றுக்கொள்கின்றன. அவ்வாறு நடக்கும் பெரும் பேரங்களைக் கணக்குத் தீர்க்கும் கிளியரிங் கார்ப்பரேஷன், 2001இல் நிறுவப்பட்டு, மாட்டுங்காவுக்குப் பக்கத்தில் தாதரிலேயே இருக்கிறது. ஆகவே, காப்பு ஒப்பந்தத்தினால் ஆபத்து மறைந்துவிடுகிறது என்று எண்ணுதல் தவறு. அது ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறுகிறது. எதிர்த்திசையில் பாரம் உடைய தோளுக்கு மாறினால் இரண்டும் சமன்படுகின்றன. தாங்க மாட்டாத தோளுக்கு மாறினால் என்ன ஆகும் என்பதைப் பின்னே காண்போம்.

முன்பேர ஒப்பந்தத்துக்கு இளைய உடன்பிறப்பு ஒன்றுண்டு. அது ஃப்யூச்சர்ஸ் எனப்படும். வங்கியோடு தனியே பேசாமல், பங்குச் சந்தை போன்ற பொதுச் சந்தையில், ஒரே அளவில் வகுத்த ஒப்பந்தங்களை வாங்குவதும் விற்பதும் அது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1972 மே மாதத்தில் நாணயங்களுக்கு இம்முறை தொடங்கிற்று. நம் மும்பையில் தேசியப் பங்குச் சந்தை 2008 ஆகஸ்டு 29ஆம் நாள் இதனைத் தொடங்கிற்று. ஓர் ஒப்பந்தத்தின் அளவு 1,000 டாலர். சிறியவருக்கு ஏற்ற அளவுதான். ஆனால் முன்பணம் கட்ட வேண்டும். விலை எதிராகப் போனால் அன்றன்றே ஈடு செய்யவும் வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பணம் பார்க்கும் பட்டறைக்காரருக்கு அன்றாடம் கைப்பணம் தேடுவது எளிதன்று.

மூன்றாவது கருவி ஆப்ஷன் என்னும் உரிமை ஒப்பந்தம். முன்பேர ஒப்பந்தத்தில் விற்றே தீர வேண்டும். இதிலோ விற்கும் உரிமை உண்டு, கடமை இல்லை. டாலருக்கு ஒரு ரூபாய் வீதம் ஒரு லட்சம் ரூபாயை அண்ணாச்சி முன்னதாக வங்கிக்குக் கட்டுகிறார் என்று கொள்வோம். மூன்று மாதம் கழித்து 85 ரூபாய்க்கு விற்கும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. டாலர் 79 ஆனால் உரிமையைப் பயன்படுத்தி 85க்கு விற்பார். கட்டிய கட்டணம் போக 84 லட்சம் நிற்கும். டாலர் 90 ஆனால் உரிமையை விட்டுவிட்டுச் சந்தையிலேயே விற்பார். கட்டணம் போக 89 லட்சம் நிற்கும். தாழ்வுக்கு ஓர் எல்லை. உயர்வுக்கு எல்லை இல்லை. ஆனால் கட்டணம் கட்டியது கட்டியதுதான்.

ஒரு லட்சம் ரூபாய் கட்டணம் என்றதும் எவருக்கும் கை தயங்கும். கட்டணமே இல்லாமல் இதே காப்பைத் தருகிறோம் என்று ஒருவர் வந்து சொன்னால் காது கொடுத்துக் கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டதன் விளைவைத் தமிழ்நாட்டின் மேற்குப் பகுதி 2008இல் கண்டது. அந்த வரலாற்றைச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும்.

2007ஆம் ஆண்டு டாலர் தொடர்ந்து இறங்கிற்று. ஆண்டின் தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்தது, ஆண்டு முடிவதற்குள் 40க்குக் கீழே போயிற்று. பின்னலாடை ஏற்றுமதியையே உயிராகக் கொண்ட திருப்பூரில் லாபம் கரைந்தது. அவ்வேளையில் வங்கிகள் சில, புதுவகை ஒப்பந்தங்களைத் திருப்பூர், கோயம்புத்தூர் வட்டாரத்து ஏற்றுமதியாளர்களிடம் கொண்டு வந்தன. அவற்றுள் பல ரூபாயைப் பற்றியனவே அல்ல. டாலருக்கும் ஸ்விட்சர்லாந்தின் பிராங்குக்கும், டாலருக்கும் ஜப்பானின் யென்னுக்கும் உள்ள விலையைப் பற்றியவை. கட்டணம் கிடையாது; சிலவற்றில் தொடக்கத்திலேயே ஒரு தொகை கைக்கு வரும். டாலர் ஒரு குறித்த எல்லைக்குக் கீழே போகாதவரை வாடிக்கையாளருக்கு லாபம். போய்விட்டால், சந்தை விலையைவிட அதிகமான விலைக்குப் பெருந்தொகை டாலரை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எல்லையோ மிகத் தொலைவில் இருந்தது. 2007 நடுவில் ஒரு டாலர் ஏறத்தாழ 1.23 பிராங்கு, ஏறத்தாழ 123 யென். அது அவ்வளவு தூரம் இறங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்குக் கீழே போயிற்று. அதே மாதத்தில் 100 யென்னுக்குக் கீழேயும் போயிற்று. ஆண்டுகள் பல உழைத்துச் சேர்த்ததற்கு ஈடான நட்டக் கணக்குகள் தபாலில் வந்து சேர்ந்தன. பனியன் தைப்பவருக்கும் ஸ்விட்சர்லாந்தின் நாணயத்துக்கும் என்ன உறவு என்று அப்போதுதான் பலர் கேட்டுக்கொண்டனர்.

நடந்தது யாது? கட்டணம் வேண்டாம் என்று வங்கி சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஒப்பந்தத்துக்குள் வாடிக்கையாளரே ஓர் உரிமையை வங்கிக்கு விற்றிருந்தார். அதன் விலைதான் அவருக்கு இலவசம் போலவும் முன்தொகை போலவும் தோன்றிற்று. வேறு சொல்லில் கூறினால், காப்பீடு வாங்கப் போனவர் காப்பீட்டு நிறுவனமாகவே மாறித் திரும்பி வந்தார். அவருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் சிறிது, அளவுக்கு உட்பட்டது. வரக்கூடிய நட்டத்துக்கோ வரம்பில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழி இதற்கென்றே பிறந்தது போலும்!

வழக்குகள் எழுந்தன. இவை வாணிபமே அல்ல, பந்தயம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று வாதிடப்பட்டது. ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையே நடந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் அவர்கள் 2008 அக்டோபர் 14ஆம் நாள் தீர்ப்பளித்தார். வெல்வதும் தோற்பதும் தவிர வேறு நலன் இல்லாத இருவர் செய்துகொள்வதே பந்தயம். இவ்வொப்பந்தம் அத்தகையது அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். கையெழுத்திட்டவரைச் சட்டம் அவ்வளவு எளிதில் விடுவிக்கவில்லை. வங்கிகளும் குற்றத்திலிருந்து முற்றும் தப்பவில்லை. வாடிக்கையாளருக்குப் பொருந்துமா என்று ஆராயாமல் விற்றது, அவர்தம் ஏற்றுமதிக் கணக்கைச் சரிபார்க்காதது போன்ற குறைகளுக்காக 19 வங்கிகளுக்கு 2011இல் ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது.

இத்தகைய செய்தி நம் மும்பைக்குப் புதியதன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, அங்கிருந்து பருத்தி கிடைக்காமையால் நம் நாட்டுப் பருத்திக்கு விலை ஏறிற்று. பம்பாயில் பணம் புரண்டது. 1865 ஜூலை முதல் நாளில் கணக்குத் தீர்ப்பதாகக் கெடு வைத்துப் பங்குகளை வாங்கினர், விற்றனர். போர் முடிந்தது, பருத்தி விலை வீழ்ந்தது, கெடு நாள் வருமுன்பே நகரத்துச் செல்வர் பலர் நொடித்தனர். கெடு வைத்து விலை பேசும் ஒப்பந்தம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பருத்தி கையில் உள்ளவனுக்கு அது பாதுகாப்பு. ஒன்றும் இல்லாதவனுக்கு அது சூதாட்டம். ஒப்பந்தத் தாளில் இருவருக்கும் ஒரே எழுத்துத்தான்.

வட்டியைப் பற்றியும் சில சொல்வோம். கடனுக்கு வட்டி இருவகை. தொடக்கத்தில் குறித்ததே முடிவு வரை நிற்பது நிலை வட்டி. சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குவது மாறும் வட்டி. 2019 அக்டோபர் முதல் சிறு தொழில்களுக்கு வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டிக் கடன்கள், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வீதம் போன்ற ஒரு வெளி அளவோடு பிணைக்கப்பட்டன. அந்த ரெப்போ வீதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்தது. 2023 பிப்ரவரியில் ஆறரை விழுக்காடு ஆயிற்று. பத்துக் கோடி ரூபாய்க் கடன் உள்ள தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு இருபத்தைந்து லட்சம் ரூபாய் கூடுதல் வட்டி. பொறி அதே பொறி, உற்பத்தி அதே உற்பத்தி. செலவு மட்டும் ஏறிவிட்டது.

இதற்குரிய கருவி ஸ்வாப் என்னும் மாற்று ஒப்பந்தம். தொழிற்சாலை வங்கியோடு இவ்வாறு உடன்படுகிறது: ஆண்டுதோறும் பத்துக் கோடிக்கு ஏழரை விழுக்காடு நான் தருகிறேன், அதே பத்துக் கோடிக்குச் சந்தையில் அன்றுள்ள மாறும் வட்டியை நீங்கள் எனக்குத் தாருங்கள். பத்துக் கோடி கை மாறுவதில்லை. அது கணக்குக்கு மட்டுமே. வேறுபாட்டுத் தொகைதான் கை மாறும். மாறும் வட்டி 9 விழுக்காடு ஆனால் தொழிற்சாலைக்குப் பதினைந்து லட்சம் வரும். அதனைக் கொண்டு ஏறிய வட்டியைக் கட்டலாம். மாறும் வட்டி 5 ஆனால் தொழிற்சாலை இருபத்தைந்து லட்சம் கொடுக்கும். ஆனால் கடன் வட்டி அவ்வளவு குறைந்திருக்கும். எப்படியாயினும் முடிவில் நிற்பது ஏழரை விழுக்காடு. நம் நாட்டில் 1999 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதற்கு வழி திறந்தது.

மாறும் வட்டி எது என்று சொல்ல இருவருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். நெடுங்காலம் உலகெங்கும் அதற்கு லண்டன் வங்கிகள் கூறும் லைபார் என்னும் வீதம் பயன்பட்டது. தம் ஆதாயத்துக்காக வங்கிகள் அதனைத் திரித்துக் கூறின என்பது 2012இல் உலகறியத் தெரிந்தது. டாலருக்குரிய அவ்வீதம் 2023 ஜூனுடன் முடிவுக்கு வந்தது. அளவுகோலை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்று கேட்பதும் காப்பின் ஒரு பகுதியே என்பதை இது நமக்குக் கற்பித்தது.

இவ்வளவும் கேட்டபின் நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். ஒப்பந்தம் செய்துவிட்டால் அண்ணாச்சிக்கு இனிக் கவலை இல்லையா? உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரை இறக்குமதி வரி விதித்தது. அத்தகைய வேளையில் அமெரிக்காக்காரர் பைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வரவேண்டிய டாலர் வராது. ஆனால் வங்கியோடு செய்த முன்பேர ஒப்பந்தம் நிற்கும். டாலர் இடையில் ஏறியிருந்தால், அதனை முறித்துக்கொள்ள அண்ணாச்சி நட்டம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் விலையைக் காக்கும், வாணிபத்தைக் காக்காது. இதனால்தான் விவரமறிந்த ஏற்றுமதியாளர், எதிர்பார்க்கும் வரவு முழுவதையும் முன்கூட்டி விற்பதில்லை. உறுதியான பங்கை முன்பேரத்தில் விற்று, உறுதியற்ற பங்குக்கு ஆப்ஷன் கட்டணம் கட்டுகிறார்; அல்லது அதனைத் திறந்தே விடுகிறார். சரக்குக்கான முன்கடனை டாலரிலேயே வாங்கி, வரும் டாலரைக் கொண்டு அதனைத் தீர்ப்பாரும் உண்டு. எந்தச் சார்பு ஒப்பந்தமும் இல்லாமலேயே கிடைக்கும் இயற்கைக் காப்பு அது.

ஆட்சியாளரும் பாடம் கற்றிருக்கின்றனர். 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் வாடிக்கையாளரை இருவகையாகப் பிரித்தன. சிறு வாடிக்கையாளருக்கு முன்பேர ஒப்பந்தம், கட்டணம் செலுத்தி வாங்கும் ஆப்ஷன், ஸ்வாப் போன்ற எளிய கருவிகளே விற்கப்படலாம் என்று அவை வரையறுத்தன. 2019 ஆகஸ்டில், சிறு வணிகரும் சந்தை விலையைத் தம் கண்ணால் கண்டு டாலர் வாங்க விற்க, கிளியரிங் கார்ப்பரேஷன் வழியாக ஒரு மின்வழி மேடை அமைக்கப்பட்டது. விதிகள் நல்லவையே. ஆயினும் கையெழுத்து நம்முடையது. விதி நமக்காகக் கையெழுத்திடாது.

ஆதலால் எந்த ஒப்பந்தத்திலும் பேனாவை வைக்குமுன் மூன்று வினாக்களை நாம் கேட்டுக்கொள்வது நலம். இந்த ஒப்பந்தம் பேசும் நாணயத்திலோ வட்டியிலோ எனக்கு உண்மையான வரவு செலவு உண்டா? மிகக் கேடான நிலை நேர்ந்தால் நான் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு. அதனை ரூபாயில் ஒரே எண்ணாக இவர் எழுதித் தருவாரா? கட்டணம் இல்லை என்றால், அதற்குப் பதிலாக நான் எதனை விற்கிறேன்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால் கையெழுத்திடலாம். கிடைக்காவிட்டால், எழுந்து வந்துவிடுவதில் குறைவு ஏதும் இல்லை.

தாராவியில் ஒரு பட்டறையை நம்பிப் பத்துக் குடும்பங்கள் இருக்கலாம். தையற்பொறியின் முன் இருப்பவர் டாலர் விலையை அறியார்; சனிக்கிழமைக் கூலியை மட்டும் அறிவார். அந்தக் கூலி சனிக்கிழமைதோறும் தவறாமல் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முதலாளி செய்யும் காப்பு அதற்கு உதவுகிறதா என்று பார்த்தால் போதும். அது நல்ல காப்பா, தீய காப்பா என்பது விளங்கிவிடும்.